போர்த்தா முதல் போர்டிகோ வரை

1

பாரிஸ் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசல் கதவுக்குச் சாவி கிடையாது. எண்களை அமுக்கினால்தான் திறக்கும். அந்த எண்ணை அவ்வப்போது மாற்றுவார்கள். மாற்றிவிட்டோம் என்று தாளில் அச்சடித்து லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைப்பார்கள். அதைப் படிக்காமல் போவது என் வழக்கம்.

நேற்று எங்கள் கல்யாண நாள். லா ஷப்பலில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குத் தனியாகப் போய் அர்ச்சனை செய்துவிட்டு, பிரசாதப் பையோடு மழையில் வந்து நின்றால் கதவு திறக்கவில்லை. பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் தெரேசா அம்மா உள்ளிருந்து வந்து திறந்துவிட்டார். போர்த்துக்கல்காரர். எங்களுக்கு முன்பே இந்தக் கட்டடத்துக்கு வந்தவர்.

"போர்த்தா, மிஸ்யே, போர்த்தா!" என்றார் சிரித்துக்கொண்டே.

"வாசல், மதாம், வாசல்!" என்றேன் நான்.

எங்கள் இருவருக்குள்ளும் ஏழு வருடமாக ஓடும் விளையாட்டு இது. அவர் தன் மொழியில் வாசல் என்பார், நான் என் மொழியில் வாசல் என்பேன். அது எப்படித் தொடங்கியது என்று மாடி ஏறும்போது நினைத்துக்கொண்டேன். நினைவு கடைசியில் சிதம்பரத்தில் என் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றது. ஊரில் இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் பிறப்பு வளர்ப்பெல்லாம் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரர் கோயில் மணி காதில் விழும் தெருவில் வாடகை வீடு. மாமனார் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவருக்குக் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமை, மனைவி கலா வழியாக எனக்கு இந்த நாட்டுக் கதவைத் திறந்துவிட்டது. அப்பா காலமானதும் அம்மா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சிதம்பரத்தில் அக்கா சிவகாமி வீட்டோடு போய்விட்டாள். அங்கேயே கண்ணை மூடினாள். ஆக, ஊர் என்று போய் இறங்கினால் பெட்டியை வைக்க எனக்கு இருப்பது ஒரே வாசல், அக்கா வீட்டு வாசல். கடலூரில் எத்தனை தெருவைத் தெரிந்து வைத்திருந்தாலும், "வாடா" என்று கூப்பிட அங்கே ஆள் இல்லை.

இங்கே வந்த புதிதில் நான் கற்ற முதல் பிரெஞ்சுச் சொல்லே 'போர்த்' தான். கதவு, வாசல் இரண்டுக்கும் அதுதான். ரயிலில் ஏறினால், கதவு மூடப்போகிறது ஜாக்கிரதை என்று ஒலிபெருக்கி அதைச் சொல்லும். குடியிருப்பு அட்டைக்காக அலுவலகத்தில் வரிசை நின்றால், எந்த 'போர்த்'துக்குப் போக வேண்டும் என்று கத்துவார்கள். நான் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு முறை அப்படிப் போய், யாரோ ஒரு குடும்பத்தின் நேர்காணலில் அவர்களோடு சேர்ந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இவர் யார்?" என்று கேட்டபோது, அந்தக் குடும்பத் தலைவர், "தெரியாது, ஆனால் நல்லவராகத்தான் தெரிகிறார்" என்றாராம். இதைப் பிறகு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பாரிஸைச் சுற்றி 'போர்த்' என்று பெயர் வைத்த ரயில் நிலையங்கள் நிறைய உண்டு. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்ததாம், அந்த இடங்களிலெல்லாம் வாசல் இருந்ததாம். இப்போது மதிலும் இல்லை, வாசலும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

3

2005ஆம் வருடம். எங்கள் ஒரே மகள் அபிராமிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. பள்ளியில் லத்தீன் படிக்கலாம் என்றார்கள். அவள் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மட்டும் விட்டுவிட்டாள்.

"செத்துப்போன பாஷைய படிக்கிறேங்கிற. உசுரோட இருக்கிற பாஷைய வேணாங்கிற" என்றேன்.

"தமிழ் கிளாஸ்ல பாட்டு மனப்பாடம் பண்ணச் சொல்றாங்கப்பா. லத்தீன் டீச்சர் கதை சொல்றாங்க."

நான் கோபித்துக்கொண்டேன். சுவாமி படத்துக்கு முன்னால் நின்று, "அம்பலவாணா, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தி கொடு" என்று அவள் காதில் விழும்படியே வேண்டிக்கொண்டேன். அவளோ, "எனக்கு லத்தீன்ல நல்ல மார்க்கும் குடு" என்று பின்னாலிருந்து சேர்த்துக்கொண்டாள்.

ஒரு நாள் அந்த ஆசிரியை வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு லத்தீன் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எந்தெந்த மொழிகளுக்குப் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. உயிரோடு இருக்கிற மனிதர்களிடம் கேட்டு வர வேண்டும். அபிக்கு வந்த சொல் 'போர்த்தா'. லத்தீனில் வாசல்.

"அப்பா, உங்க ஓட்டல்ல எல்லா நாட்டுக்காரங்களும் இருக்காங்கல்ல?"

இருந்தார்கள். நான் ஓட்டலின் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். மகள் என்னிடம் ஒன்று கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. மறுநாளே தொடங்கிவிட்டேன். போர்வை மடிக்கும் மேசையில் எனக்கு எதிரே நின்ற ருமேனியாக்காரர், வீட்டு முற்றத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய வாசலை 'ப்வார்த்த' என்றார். சொல்லும்போதே மடிப்பதை நிறுத்திவிட்டார். அவர் வீட்டுப் ப்வார்த்த மரத்தில் செய்தது, அவர் அப்பாவே செதுக்கியது என்றார். ஸ்பெயின்காரப் பெண் 'புவேர்த்தா' என்று வாயைக் குவித்துக் காட்டினாள். சமையலறை கிரேக்கர், "எங்க ஊருலயும் போர்த்தாதான், நாங்க யாரையும் காப்பியடிக்கல" என்று சண்டைக்கு வந்தார். இத்தாலிக்காரர் ஒரு எழுத்தும் மாறாமல் போர்த்தா என்றார். பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளை மாதிரி அந்தச் சொல் அவரிடம் அப்படியே இருந்தது. ஓட்டலில் தங்க வந்த ஜெர்மன்காரர் ஒருவர் வரவேற்பில் அறைச் சாவியைக் கொடுக்கும்போது, 'ஃபோர்த்த' என்று காற்றை ஊதிச் சொல்லிவிட்டுப் போனார். மாலை வீடு திரும்பும்போது தெரேசா அம்மாவைப் பிடித்தேன். அன்றைக்குத் தொடங்கியதுதான் எங்கள் விளையாட்டு.

கொண்டுவந்த சொற்களையெல்லாம் அபியிடம் கொட்டினேன். அவள் கண் விரிந்தது. பிறகு கேட்டாள்: "நம்ம பாஷையில?"

"நமக்கு எதுக்கு அவன் வாசல்? வாசல், கதவு, படலு, நிலைன்னு நம்மகிட்டயே கொட்டிக் கெடக்கு."

"ஒண்ணுகூட வரலியா?"

எனக்குப் பறங்கிப்பேட்டை நினைவு வந்தது. அக்கா வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் மாமாவின் சொந்த ஊர் அது. போர்த்துக்கீசியர் வைத்த பழைய பெயர் போர்ட்டோநோவோ, புதுத்துறை. அபியிடம் சொன்னேன், மறுநாள் ஆசிரியையிடம் கேட்டுவிட்டு வந்தாள். துறைமுகத்துக்கான சொல் வேறு, வாசலுக்கான சொல் வேறு. ஆனால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம். "அக்கா தம்பி மாதிரிப்பா, நீங்களும் சிதம்பரம் அத்தையும் மாதிரி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஊருக்கு போன் செய்தேன். அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு லத்தீனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். "அது கெடக்குதுடா. உங்க மாமா வீட்டுக்கு முன்னாடி போர்டிகோ எடுக்கறாரு. மழைக்கு வண்டி நிறுத்தலாம். நீ வந்தா காத்தாட உக்காரலாம்" என்றாள்.

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த அபி துள்ளிக் குதித்தாள். "அப்பா! போர்டிகோ! அது போர்த்தாவோட பேத்தி!"

ரோமாபுரியில் கிளம்பிய சொல் எத்தனையோ வாய் மாறி, கடைசியில் சிதம்பரத்தில் கொத்தனார் வாய்க்கு வந்து, என் அக்கா வீட்டு முன்னால் தூண் எழுப்பிக்கொண்டிருந்தது. அந்த மொழியை இன்றைக்கு வீட்டில் பேசுகிறவர் யாரும் இல்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் பிள்ளைகுட்டியோடு இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஏனோ அழுகை வந்தது. கலா, "ஒரு போர்டிகோவுக்கு யாராவது அழுவாங்களா?" என்றாள்.

4

வாசலைப் பற்றி நம் பழக்கம் ஏதாவது சொல்லுங்கள், அதையும் வகுப்பில் சொல்கிறேன் என்றாள் அபி. என் கல்யாணத்தைச் சொன்னேன்.

தாலி கட்டி முடித்து, பெண்ணை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மாப்பிள்ளையோடு பிறந்தவள் வாசலை மறிப்பாள். ஒரு வாக்குக் கொடுத்தால்தான் வழி விடுவாள். எங்களை மறித்தவள் சிவகாமி அக்கா. இடுப்பில் அவள் மகன் செந்தில், மூக்கு ஒழுகிக்கொண்டு.

"பொண்ணு பொறந்தா எம்புள்ளைக்குக் குடுப்பியாடா?"

"குடுக்கிறேன்க்கா."

"உன்ன யாரு கேட்டா? உம்பொண்டாட்டி சொல்லணும்."

கலா தலையைக் குனிந்தபடி, "குடுக்கிறேன் அண்ணி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வழி கிடைத்தது. எல்லாக் கல்யாணத்திலும் கேட்பதுதான், எல்லாரும் தருகிற வாக்குதான். பிறகு யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

அக்கா வைத்துக்கொண்டாள். அவளுக்குச் செந்திலுக்குப் பிறகு பிள்ளை இல்லை. எங்களுக்கு அபி பிறந்த செய்தியைக் கேட்டதும் சிதம்பரத்தில் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாளாம். அபி சின்னவளாக ஊருக்குப் போனபோது செந்திலை "அண்ணா" என்று கூப்பிட்டாள். அக்கா செல்லமாக அவள் கன்னத்தில் இடித்து, "அண்ணனா? மாமான்னு கூப்புடுடி, மண்டு" என்றாள். அபிக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே பள்ளியில், பெரியப்பா பிள்ளையானாலும் அத்தை பிள்ளையானாலும் எல்லாருக்கும் ஒரே பெயர்தான். கூடப் பிறந்தவர்களுக்கு அடுத்தபடி என்றுதான் நினைப்பார்கள்.

2011இல் அக்கா நேராகவே கேட்டாள். "செந்திலுக்கு வேலை நெலையாயிடிச்சி. அபிக்குப் படிப்பு முடியட்டும், நான் காத்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லுடா."

அபியிடம் பேசினேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அப்பா, செந்தில் அண்ணா எனக்கு அண்ணன்தானே. எப்படிப்பா?" என்றாள். அவளை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. கலாவுக்கும் வரவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"பரவால்லடா. புள்ளைங்க இஷ்டம். வெக்கிறேன்" என்றாள்.

வைத்தவள்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கூப்பிடுவேன், மாமா எடுப்பார். "அக்கா குளிக்கிறாடா மச்சான்" என்பார். இல்லாவிட்டால் கோயிலுக்குப் போயிருப்பாள். என் அக்கா இவ்வளவு குளித்தும் இவ்வளவு கும்பிட்டும் நான் பார்த்ததில்லை. 'தானே' புயல் அடித்தபோது பதறிப்போய்க் கூப்பிட்டேன். அப்போதும் மாமாதான் எடுத்தார். "போர்டிகோ ஷீட்டு பறந்துடிச்சி. நாங்க நல்லாருக்கோம்." பின்னால் அக்கா குரல் கேட்டது, யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். ரிசீவருக்கு வரவில்லை.

துணி மடிக்கும்போதெல்லாம் அதே நினைப்பு. அந்த வாசலும் அடைபட்டால் நான் எந்த ஊர்க்காரன்? கடலூர்க்காரன் என்று இங்கே சொல்லிக்கொள்ளலாம். அங்கே போய் எங்கே நிற்பேன்? தினமும் திருநீறு பூசும்போது ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். சாமி, அக்கா ஒரு தடவை போனை எடுக்கட்டும்.

5

2012இல் செந்திலுக்குப் பெண் அமைந்தது. மங்கலம்பேட்டைப் பக்கம், பெயர் வளர்மதி. பத்திரிகை வந்தது. மாமா கூப்பிட்டு, "வந்துடு மச்சான். தாய்மாமன் நீ இல்லாம மேடை ஏற மாட்டான்" என்றார். அக்கா? "அவளும்தான் கூப்புடறா" என்றார், கொஞ்சம் தாமதித்து.

மூவரும் போனோம். அக்கா, "வாங்க" என்றாள். என் நாற்பத்தெட்டு வயதில் அவள் என்னை முதன்முறையாக "வாங்க" என்கிறாள். வேலையைச் சாக்காக வைத்து என் பக்கமே வரவில்லை. மாமன் சீர் செய்தேன், வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்தது. தங்கை முறைக்கு மாமாவின் தம்பி மகள் நின்று மூன்றாவது முடிச்சைப் போட்டாள். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்ப, அந்தத் தங்கை தன் குழந்தைக்குப் பாலூட்ட மண்டபத்திலேயே தங்கிவிட்டாள். இதை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா வீட்டு போர்டிகோவில் வாழைமரம் கட்டியிருந்தது. புது ஷீட்டு வெயிலில் பளபளத்தது. அக்கா ஆரத்தித் தட்டோடு நிற்க, கார் வந்து நின்றது. மாமாவின் சித்தி ஒருத்தி, பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற குரல். அவள் கேட்டாள்: "இன்னாம்மா, வாசல மறிக்க பொண்ணு யாரு? மாப்ள கூடப் பொறந்தவ எங்க?"

எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் நிக்கிறேன்!"

அபி. கலா கட்டிவிட்ட புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், போர்டிகோவின் இரண்டு தூணுக்கும் நடுவில் கைகளை விரித்து நின்றுவிட்டாள்.

நான் அவளுக்குப் பழக்கத்தைச் சொல்லியிருந்தேன். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா? மாமன் மகள் கட்டிக்கொள்கிற முறை. அவள் தங்கையாக வாசல் மறித்தால், ஊருக்கு முன்னால் முறையையே மாற்றிக்கொண்டதாக ஆகிவிடும்.

"அடியே பாரிசு! நீ கட்டிக்க வேண்டியவடி! நீ எப்படிடீ மறிப்ப?" என்றாள் சித்தி. இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். அபியின் கை கொஞ்சம் இறங்கியது. முகம் சிவந்துவிட்டது. நான் அவளை இழுக்கப் போனேன். மாமா என் முழங்கையைப் பிடித்து, "இருடா மச்சான்" என்றார்.

அக்கா ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள்.

"யாரும் அவள நவுத்தாதீங்க" என்றாள். அபி பக்கத்தில் போய் நின்று, அவிழ்ந்த முந்தானையை எடுத்து அவள் இடுப்பில் செருகினாள். "கையத் தூக்கி நில்லுடி. என்ன கேக்கணும்னு தெரியுமா?"

"தெரியும் அத்தை." அபி தொண்டையைச் சரி செய்துகொண்டாள். "அண்ணி, உங்களுக்குப் பொண்ணு பொறந்தா எனக்குத் தருவீங்களா?"

"எம்புள்ளைக்குன்னு சொல்லணும்டி!" என்றது கூட்டம்.

வளர்மதி சுட்டியான பெண். "புள்ளை பொறக்கட்டும், அப்புறம் கேளுங்க. இப்ப உள்ள விடுங்க, நாத்தனாரே, காலு சுடுது" என்றாள்.

சிரிப்பில் ஷீட்டே அதிர்ந்தது. செந்தில்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

6

சாப்பாடு முடிந்து எல்லாரும் ஆங்காங்கே சாய்ந்திருந்தார்கள். அக்கா கொல்லைப்புறக் குழாயடியில் வெற்றிலைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"அது தெரியாமத்தான் நின்னுதுக்கா" என்றேன்.

"தெரியும்டா." டா வந்துவிட்டது. அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்குக் கோவம் அது மாட்டேன்னதுக்கு இல்ல. நீ ஒரு நடை வந்து சொல்லியிருக்கலாம். போன்ல சொன்ன, பால்காரனுக்கு நாளைக்கிப் பாலு வேணாம்ங்கிற மாதிரி."

நான் அந்தத் தட்டை எடுத்து என் துண்டால் துடைத்தேன்.

"எம்புள்ளைக்குக் கட்டணும்னு மட்டுமா நான் அவள கேட்டேன்? அம்மா போனப்புறம் இந்த வூட்ல நான் ஒருத்திதான்டா பொம்பள. மனசுல இருக்கிறத சொல்ல ஒரு பொண்ணு வேணும்னு இருந்துது. மருமவள்னு கூப்புட்டாத்தான் உன் பொண்ணு இங்க வரும்னு நெனச்சேன். அது தங்கச்சியா வந்து நிக்கிது. எம்புள்ளைக்குத் தங்கச்சின்னா எனக்கு அது யாரு?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தண்ணீர்தான் தெறித்தது என்று காட்டிக்கொண்டாள்.

"மருமவளா வந்திருந்தா தெனம் சண்டை போட்டிருப்பேன். நாத்தனாருக்கு வேலை ஜாஸ்தி, தெரியுமில்ல? சீமந்தத்துக்கு வரணும், பேரு வெக்க வரணும், காது குத்த வரணும். அதுக்கு வழி தெரியாது. நீதான் இட்டுகிட்டு வரணும்" என்றாள்.

வரும்போது அபிக்கு ஒரு பச்சைப் பட்டு கொடுத்தாள். நாத்தனார் புடவை. அபி அதை இங்கே எந்த நாளுக்குக் கட்டுவது என்று தெரியாமல் எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

7

இந்தக் குறிப்பை நேற்று இரவு பாதியில் நிறுத்தியிருந்தேன். இன்று ஞாயிறு. காலையில் போன் அடித்தது. பார்த்தால் சிதம்பரத்து எண். எப்போதும் நான்தான் கூப்பிடுவேன். அங்கிருந்து வருவது அபூர்வம்.

"அக்கா!" என்றேன்.

"உங்கிட்ட பேசல. அதுகிட்ட குடு."

"எதுகிட்ட?"

"எம்பொண்ணுகிட்டடா!"

கொடுத்தேன். அபி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "ம்... ஆமா அத்தை... அய்யோ, அப்படியா சொன்னாங்க வளர் அண்ணி?... இல்ல, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்..." அவள் தமிழில் அங்கங்கே பிரெஞ்சு வந்து இடறியது. அக்காவுக்குப் புரிந்ததோ என்னவோ, இரண்டு பக்கமும் சிரிப்புச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. காபி ஆறிப்போயிற்று. கலா என்னை முறைத்தாள், ஒட்டுக்கேட்காதே என்று.

அபி போனைத் திருப்பிக் கொடுத்தபோது இணைப்பு துண்டாகியிருந்தது.

"அத்தை என்னம்மா சொன்னாங்க?"

"அதெல்லாம் உங்களுக்கு இல்லப்பா."

நான் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் அவளே கூப்பிடுவாள்.